சென்னிமலைப் போர்வைக் கடைக்கு வேர்ட்பிரஸில் ஒரு தமிழ் டெம்ப்ளேட்

பெரியப்பா மகள் சென்னிமலையில் வாக்கப்பட்டவர். மாமனார் வீட்டில் நான்கு தறி, முன்பக்கம் ஒரு சின்னக் கடை. வீட்டில் நெய்கிற பெட்ஷீட், போர்வை, துண்டு, அப்புறம் பவானியிலிருந்து வாங்கி வைக்கிற ஜமுக்காளம். போன வைகாசியில் பெருந்துறையில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, கை கழுவி வந்ததும் போனை நீட்டினார்.

“தம்பி, இது நம்ம கடை வெப்சைட்டு. காசு குடுத்துத்தான் பண்ணுனோம். எனக்கே படிக்க வரமாட்டேங்குது. வாங்கறவங்க எப்படிப் படிப்பாங்க, சொல்லு?”

வாங்கிப் பார்த்தேன். வேர்ட்பிரஸ் என்பது வெப்சைட் நடத்துகிற மென்பொருள், தீம் என்பது அதில் பக்கங்களின் தோற்றத்தைத் தருகிற தொகுப்பு. விலைக்கு வாங்கிய ஒரு தீமில் இருந்த ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அந்தந்த இடத்தில் தமிழை ஒட்டியிருந்தார்கள். தலைப்பில் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு ‘செ ன் னி ம லை’ என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது. இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியில் இருந்த ‘ரூ’வின் வால் கீழ்வரியின் புள்ளியில் முட்டியது. மெனுவில் ‘எங்களைப் பற்றி’ இரண்டாக உடைந்து பக்கத்துச் சொல்லின் மேல் ஏறியிருந்தது. வாடிக்கையாளர்கள் சொன்ன நல்ல வார்த்தைகள் எல்லாம் சாய்ந்த எழுத்தில் இருந்தன. அந்த ஃபாண்டில் தமிழுக்குச் சாய்வெழுத்தே கிடையாது. அதனால் பிரவுசர் நேரெழுத்தையே பிடித்துச் சாய்த்து வைத்திருந்தது.

வீட்டுக்கு வந்து அதே தீமின் ஆங்கில மாதிரிப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். அருமையாக இருந்தது. வடிவமைத்தவர் வேலை தெரிந்தவர்தான். ஆனால் ஒவ்வொரு அளவும் ஆங்கில எழுத்தை முன்னால் வைத்து எடுத்த அளவு. மெனு முழுவதையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் போட்டால் மற்ற வரிகளிலிருந்து அது தனியாகத் தெரியும். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவே இல்லை. அந்த உத்தியை நம்பி வடிவமைத்த இடமெல்லாம் தமிழில் ஒன்றோடொன்று கலந்து போகிறது. தமிழ்ப் பக்கத்துக்கு டெம்ப்ளேட், அதாவது பக்கத்தை வார்க்கிற அச்சு, வேண்டுமானால் தமிழ் எழுத்தை வைத்து முதலிலிருந்து அளவெடுக்க வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரியே எனக்குத் தோன்றிவிட்டது. இருந்தாலும் சிக்கனம் பார்த்து இரண்டு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன்.

ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். 2015-லிருந்து கொண்டாடுகிறார்கள். அன்றைக்குப் பக்கம் தயாராக இருக்கோணும் என்று அக்கா கெடு வைத்திருந்தார். கையில் இருந்தது பத்து ஞாயிறு. முதல் இரண்டில் பழைய தீமுக்கு ஒரு சைல்ட் தீம் எழுதினேன். சைல்ட் தீம் என்றால் தாய்த் தீமை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்ற வேண்டியதை மட்டும் மேலே எழுதுவது. எழுத்து இடைவெளியைப் பூஜ்யமாக்கினேன், சாய்வை நிறுத்தினேன், வரி இடைவெளியைக் கூட்டினேன். ஒன்றைத் திருத்தினால் வேறொன்று கலைந்தது. வரி இடைவெளி கூடியதும் பொத்தான்கள் உப்பின. பொத்தானைச் சரிசெய்ததும் படத்தின் மேல் வந்து விழும் தலைப்பு படத்துக்கு வெளியே போனது. நாற்பது விதிகளுக்கு மேல் எழுதியும் பக்கம் ஒட்டுப்போட்ட துணியாகவே இருந்ததால் அதை மூடி வைத்தேன்.

மூன்றாம் ஞாயிறு கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக்கொண்டு சென்னிமலைக்குப் போனேன். கடையில் உட்கார்ந்து அக்காவும் நானும் 14 ரகங்களை ஒவ்வொன்றாக எழுதினோம். பெயர், நீளம் அகலம், நூல், நிறம், விலை, துவைக்கும் முறை. கடைக்கு வருகிறவர்கள் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்கிறார்களோ அதையே எழுதச் சொன்னேன். ‘இருவர் படுக்கை விரிப்பு’ என்று யாரும் கேட்பதில்லை, ‘டபுள் காட் பெட்ஷீட்’ என்றுதான் கேட்கிறார்கள். நிறத்துக்கு அக்கா சொன்ன பெயர்கள் எல்லாம் அழகு. வெங்காயத் தோல் நிறம், கிளிப்பச்சை, அரக்கு, மயில்கழுத்து.

கடையில் பழைய விலைப் பட்டியல் ஒன்று கோப்பாகவும் இருந்தது. டிடிபி கடையில் பாமினி ஃபாண்டில் அடித்தது. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய பழைய ஃபாண்ட் அது. அதைத் திறந்து வேர்ட்பிரஸில் ஒட்டினால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக விழுந்தது. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில்தான் தமிழக அரசு யூனிகோடை, எந்தக் கருவியிலும் தமிழைத் தமிழாகவே வைக்கிற பொதுக் குறியீட்டை, ஏற்றுக்கொண்டது. அதற்கு அப்புறமும் நம் ஊர் அச்சு வேலைகளில் பழைய ஃபாண்ட்தான் நெடுநாள் ஓடியது. எழுத்துருமாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டு வந்து, ஒவ்வொரு வரியையும் நோட்டோடு வைத்துச் சரிபார்த்தேன். இந்த வேலை முடிந்த பிறகுதான் டெம்ப்ளேட்டுக்கே வந்தேன். மாதிரி வாக்கியத்தை வைத்து வடிவமைத்துவிட்டுப் பின்னால் உண்மையான எழுத்தைப் போடுவதால்தான் பழைய பக்கம் அந்த நிலைக்கு வந்தது. இந்த முறை உண்மையான எழுத்து முதலில், வடிவம் அப்புறம்.

என் கம்ப்யூட்டரையே சர்வராக்கிக்கொள்ள எக்ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டு அதில் வேர்ட்பிரஸை நிறுவினேன். ‘கிரியேட் பிளாக் தீம்’ என்று ஒரு செருகுநிரல், அதாவது வேர்ட்பிரஸோடு சேர்த்துக்கொள்கிற கூடுதல் நிரல், உண்டு. ஒன்றுமில்லாத வெற்றுத் தீம் ஒன்றை அது உருவாக்கித் தரும். பிளாக் தீம் என்பது 2022 ஜனவரியில் 5.9 பதிப்போடு வேர்ட்பிரஸின் உள்ளேயே வந்த ஏற்பாடு. அதற்கு முன்னால் டெம்ப்ளேட் எழுத பிஎச்பி என்ற நிரல்மொழி தெரிய வேண்டும். இப்போது ஹெட்டர், ஃபுட்டர், ஒரு பொருளின் பக்கம், பட்டியல் பக்கம் எல்லாவற்றையும் வேர்ட்பிரஸுக்குள் இருக்கிற சைட் எடிட்டரிலேயே, பத்தி, படம், பொத்தான் மாதிரியான பிளாக்குகளை அடுக்கி உருவாக்கலாம். அளவுகளும் நிறங்களும் தீம் ஜேசன் என்ற ஒரே கோப்பில் இருக்கும். எனக்கு வேண்டியது அதுதான். தமிழ் எழுத்துக்கான அளவுகளை ஒரே இடத்தில் எழுதினால் எல்லாப் பக்கத்துக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

அளவெடுக்க ஒரு சோதனை வரி வைத்துக்கொண்டேன்: ‘ஐந்நூறு ரூபாய்க்குக் கீழ் உள்ள துண்டுகள்’. மேலே போகிற எழுத்தும் கீழே இறங்குகிற எழுத்தும் அதில் நிறைய இருக்கின்றன. தலைப்பு அளவில் போட்டு, 360 பிக்சல் அகலத் திரையில் இரண்டு வரியாக மடியவிட்டுப் பார்த்தேன். வரி உயரம் எழுத்தின் அளவைப்போல் 1.1 மடங்கு என்றால் ‘நூ’வின் வாலும் ‘கீ’யின் கொம்பும் முட்டுகின்றன. 1.3-ல் தப்பிக்கின்றன, ஆனால் மூச்சு முட்டுகிறது. 1.45-ல் நிறுத்தினேன். பத்திகளில் வரும் எழுத்துக்கு 1.75. எழுத்து இடைவெளி எல்லா இடத்திலும் பூஜ்யம். அக்கா தெரியாமல் தொட்டுவிடக்கூடாது என்று அந்த அமைப்பையே எடிட்டரில் வராமல் தீம் ஜேசனில் அணைத்து வைத்தேன்.

தமிழ்ச் சொல் நீளமானது. ‘கைத்தறித்துண்டுகளுக்கான’ என்ற ஒரு சொல்லே போன் திரையில் முக்கால் வரியைப் பிடிக்கும். தலைப்பு அளவை நிலையாக வைக்காமல், திரை அகலத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும்படி வைத்தேன். 6.1 பதிப்பிலிருந்து தீம் ஜேசனிலேயே அதற்கு வழி இருக்கிறது. மெனுவில் ஐந்து சொல் இருந்ததை மூன்றாக்கினேன்: ரகங்கள், கடை, பேச. ‘தொடர்புக்கு’ இருந்த இடத்தில் ‘பேச’ என்று வைத்தது அக்கா. எழுத்து குறைந்தது, பொருளும் தெளிவானது. மெனு தனியாகத் தெரிய பெரிய எழுத்துக்குப் பதிலாகத் தடித்த எழுத்தும், கீழே அரக்கு நிறத்தில் ஒரு கோடும்.

ஃபாண்ட் விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தேன். பழைய தீமில் இருந்தது ஆங்கில எழுத்து மட்டும் உள்ள ஃபாண்ட். அதனால் தமிழுக்கு அந்தந்தப் போனில் என்ன இருக்கிறதோ அது வந்து நின்றது. அக்கா போனில் ஒரு மாதிரி, என் போனில் ஒரு மாதிரி. எக் டைப் குழுவினர் செய்த முக்த மலரை எடுத்தேன். கட்டற்ற உரிமத்தில் கிடைக்கிறது, ஏழு கனங்கள் உண்டு. அதில் சாதாரணமும் தடித்ததும் போதும். முதலில் சாதாரணக் கோப்பை மட்டும் சேர்த்துவிட்டுத் தலைப்பைத் தடிப்பாக்கிப் பார்த்தேன். தடித்த கோப்பு இல்லாததால் பிரவுசர் தானே எழுத்தைப் பருமனாக்கியது. ‘ண’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு ‘வண்ணம்’ என்ற சொல் கறைபோலத் தெரிந்தது. தடித்த கோப்பைச் சேர்த்ததும் சுழிகள் திறந்தன. இந்த ஒரு வித்தியாசத்தைப் பார்க்கத் தெரிந்தால், எத்தனையோ தமிழ்த் தளங்களில் தலைப்பு ஏன் கண்ணை உறுத்துகிறது என்று புரிந்துவிடும்.

கிராமத்து சிக்னலில் சீக்கிரம் வர வேண்டும் என்று ஃபாண்ட் கோப்பைச் சுருக்கவும் செய்தேன். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 128 இடங்கள். அதோடு எண்களையும் நிறுத்தற்குறிகளையும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். எழுத்துச் சேர்க்கை விதிகளை மட்டும் வெட்டக்கூடாது. அவை போனால் ‘மு’ சேராமல் ‘ம’ தனியாகவும் அதன் வால் தனியாகவும் நிற்கும். அதில் கவனமாக இருந்தவன் வேறொன்றை விட்டுவிட்டேன். விலை வரிகளில் எண்கள் அழகாக இருந்தன, முன்னால் இருந்த ₹ மட்டும் வேறு ஜாடையில் ஒல்லியாக நின்றது. ரூபாய்க் குறி தமிழின் 128-க்குள் வராது, தனி இடத்தில் இருக்கிறது. அந்தக் குறியை வடிவமைத்தவர் தமிழ்நாட்டுக்காரரான உதயகுமார். 2010-ல் இந்திய அரசு ஏற்றுக்கொண்டது. அதையும் சேர்த்து மறுபடி கோப்பு எடுத்தேன்.

ஐந்தாம் ஞாயிறு ஒன்றரை மணி நேரம் ஒரு விஷயம் பிடிபடவில்லை. பிளாக் தீமில் புதிதாக வேலை செய்கிற எல்லோரும் இதில் ஒருமுறையாவது மாட்டுவார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். ஹெட்டரை சைட் எடிட்டரில் கொஞ்சம் திருத்திச் சேமித்திருந்தேன். அப்புறம் தீம் கோப்புறைக்குள் போய் அதே ஹெட்டர் கோப்பை நேரடியாகத் திருத்தினேன். பக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கேஷை அழித்தேன், பிரவுசரை மாற்றினேன், கோப்பை வெறுமையாக்கியும் பார்த்தேன். பழைய ஹெட்டர் அப்படியே வந்தது.

காரணம் எளிது. சைட் எடிட்டரில் சேமிக்கிற மாற்றம் தீம் கோப்பில் எழுதப்படுவதில்லை. டேட்டாபேஸில் ஒரு நகலாகப் போய் உட்காருகிறது. அந்த நகல் இருக்கும்வரை வேர்ட்பிரஸ் அதைத்தான் எடுக்கும், கோப்பைத் திரும்பியும் பார்க்காது. சைட் எடிட்டரில் அந்த டெம்ப்ளேட்டின் பக்கத்தில் இருக்கிற மூன்று புள்ளியைத் தொட்டு ‘ரீசெட்’ கொடுத்தால் நகல் போய்விடும், கோப்பு உயிர்பெறும். எடிட்டரில் செய்த மாற்றம் வேண்டும் என்றால் கிரியேட் பிளாக் தீம் செருகுநிரலில் இருந்தே அதைத் தீம் கோப்புகளுக்குள் எழுத வைக்கலாம். அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். திருத்துவது எடிட்டரில் மட்டும், முடித்ததும் தீமுக்குள் எழுதிவிடுவது. இரண்டு பக்கமும் கை வைத்தால் எது உண்மையான பிரதி என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

இனி அக்கா தினமும் புழங்கப்போகிற இடத்துக்கு வருகிறேன். புது ரகம் ஒன்றைச் சேர்ப்பது. இதற்காகத்தான் இத்தனை வேலையும். நான் இல்லாமல், போனிலேயே, பத்து நிமிடத்துக்குள் அவரால் முடிய வேண்டும்.

‘ரகம்’ என்று தனிப் பதிவு வகை ஒன்றை உருவாக்கினேன். அதைத் தீமுக்குள் எழுதாமல் தனிச் செருகுநிரலாக எழுதினேன். தீமுக்குள் வைத்தால், பின்னால் யாராவது தீமை மாற்றுகிற அன்றைக்கு ரகங்கள் எல்லாம் கண்ணில் இருந்து மறைந்துவிடும். பதிவு வகையை உருவாக்கும்போதே, புதிதாகத் திறக்கிற பக்கத்தில் எந்தெந்த பிளாக் தயாராக நிற்க வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். படம், நீள அகலம், நூல், நிறம், விலை, துவைக்கும் முறை என்று அடுக்கி, ஒவ்வொரு வெற்று வரியிலும் மங்கலான குறிப்பு எழுதி வைத்தேன். ‘அங்குலத்தில் எழுதுங்க, 60 × 90 மாதிரி’, ‘துணியைப் பத்தி ஒரு வரி சொல்லுங்க’. வாங்க வருகிறவர்களுக்கு அந்தக் குறிப்பு தெரியாது, எழுதுகிறவருக்கு மட்டும் தெரியும்.

முதலில் அந்த அடுக்கை முழுசாகப் பூட்டினேன். எதையும் நகர்த்த முடியாது, அழிக்க முடியாது, புதிதாகச் சேர்க்கவும் முடியாது. பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். சோதனைக்கு அக்காவிடம் கொடுத்த அன்றே போன் வந்தது. ஜமுக்காளத்தைத் தண்ணீரில் ஊறவைக்கக்கூடாது என்று தனியாக ஒரு பத்தி எழுத வேண்டுமாம், எழுத இடமில்லையாம். அவர் கேட்டது நியாயம். முழுப் பூட்டை எடுத்துவிட்டு, ஒவ்வொரு பிளாக்கையும் தனித்தனியாக நகராமல், அழியாமல் பூட்டினேன். அந்த வசதி 2022-லிருந்தே இருக்கிறது. இப்போது விலை வரியைக் கை தவறி அழிக்க முடியாது, ஆனால் அடியில் எத்தனை பத்தி வேண்டுமானாலும் எழுதலாம்.

இதில் நான் செய்த தப்பு ஒன்று பெரிது. கூரியர் கட்டண வரியையும் அந்த அடுக்கிலேயே சேர்த்து வைத்திருந்தேன். 14 ரகமும் உள்ளே போன பிறகு கூரியர்காரர் கட்டணத்தை ஏற்றினார். அடுக்கில் மாற்றினால் எல்லாவற்றிலும் மாறும் என்று நினைத்து மாற்றினேன். பழைய பதினாலில் ஒன்றும் அசையவில்லை. அந்த அடுக்கு, பதிவைத் திறக்கிற நேரத்தில் ஒரே ஒருமுறை ஊற்றப்படுகிற அச்சு. ஊற்றிய பிறகு அந்த வரிகள் அந்தந்தப் பதிவின் சொந்த எழுத்தாகிவிடுகின்றன. பதினாலையும் ஒவ்வொன்றாகத் திறந்து கையால் திருத்தினேன். திருத்தும்போதே கட்டண வரியைப் பதிவிலிருந்து எடுத்து, ரகத்தின் பக்கத்தை வரையும் டெம்ப்ளேட்டில் வைத்தேன். அங்கே ஒரு இடத்தில் மாற்றினால் எல்லா ரகத்திலும் மாறும். ரகத்துக்கு ரகம் மாறுவது பதிவுக்குள், கடைக்கே பொதுவானது டெம்ப்ளேட்டுக்குள். இதை நோட்டில் எழுதும்போதே இரண்டு பத்தியாகப் பிரித்திருந்தால் அந்த ராத்திரி மிச்சமாகியிருக்கும்.

அதே சூட்டில் இன்னொன்றையும் டெம்ப்ளேட்டுக்குள் வைத்தேன். எல்லா ரகத்தின் பெயருக்கு மேலேயும் ‘கைத்தறி’ என்று ஒரு முத்திரை. பார்த்ததும் அக்கா முகம் மாறியது.

“டர்க்கி டவல் நாலு ரகம் இருக்குது தம்பி. அது விசைத்தறி. அதுமேல கைத்தறின்னு போட்டா பொய்யாப் போயிருமில்ல? எங்க மாமா தறியில உக்காந்து கஷ்டப்படறதுக்கு என்ன அர்த்தம்?”

சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கிய சட்டம் 1985-லிருந்து இருக்கிறது. பெட்ஷீட்டும் ஜமுக்காளமும் அந்தப் பட்டியலில் உண்டு. விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பவர்களால் இந்த வீடு பட்டது என்ன என்று அக்காவுக்குத் தெரியும். முத்திரையை எடுத்துவிட்டு ‘தறி வகை’ என்று ஒரு பகுப்பு உண்டாக்கினேன். பதிவு எழுதும்போது கைத்தறியா விசைத்தறியா என்று தேர்ந்தெடுத்தால், டெம்ப்ளேட் அந்தச் சொல்லை எடுத்துக் காட்டும். ‘கைத்தறி’ என்பதைத் தொட்டால் கைத்தறி ரகங்கள் மட்டும் உள்ள பட்டியல் திறக்கும். நான் முதலில் வைத்ததைவிட இது நூறு மடங்கு மேல்.

பட்டியல் பக்கத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் படமும் இரண்டு வரியும் வரும். சுருக்கத்துக்கு வேர்ட்பிரஸ் எடுப்பது 55 சொற்கள். தமிழில் 55 சொல் என்றால் போன் திரை நிறைந்துவிடும், 12 என்று குறைத்தேன். படத்துக்குச் சதுர வெட்டு வைத்தேன், எல்லாத் தளத்திலும் அப்படித்தானே இருக்கிறது என்று.

ஏழாம் ஞாயிறு அதை அக்காவின் மாமனாரிடம் காட்டினேன். தறிக்குழியில் இருந்து எழுந்து வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போனைக் கைக்கெட்டும் தூரம் நீட்டி வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே போனார். கடைசியில், “ஏனுங் தம்பி, கரையக் காணமே?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கடைக்குள் போய் ஒரு பெட்ஷீட்டை எடுத்து வந்து விரித்தார். “வர்றவங்க மொதல்ல இங்கதான் பாப்பாங்க” என்று கரையில் விரலை ஓட்டினார். “அப்புறம் பொறட்டிப் பின்பக்கம். அதுக்கப்புறம் இப்படித் தேச்சுப் பாப்பாங்க. நடுவுல இருக்கறத யாரு பாக்கறாங்க?” சதுரமாக வெட்டியதில் இரண்டு பக்கக் கரையும் போய், எல்லாப் படத்திலும் நடுத்துணி மட்டும் இருந்தது. ஆறு பெட்ஷீட்டுக்கும் ஒரே படம் வைத்த மாதிரி இருந்ததற்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது.

அவரே மடித்துக் காட்டினார். கரை மேலே வருகிற மாதிரி விசிறியாக ஒரு மடிப்பு, ஒரு மூலையை மட்டும் புரட்டிப் பின்பக்கம் தெரிகிற மாதிரி. திண்ணை வெளிச்சத்தில், காலை ஒன்பது மணிக்குள், அதே மடிப்பில் பதினாலு ரகத்தையும் மறுபடி படம் எடுத்தேன். டெம்ப்ளேட்டில் பட விகிதத்தை 3:4 ஆக்கினேன், நின்ற வாக்கில். கட்டம் போட்ட துண்டுகளில் இன்னொரு தொல்லை இருந்தது. படத்தைச் சின்னதாகச் சுருக்கும்போது துணியில் இல்லாத அலைகள் திரையில் நெளிந்தன. நெருக்கமான கட்டங்களும் திரைப் புள்ளிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் வருவது அது. துண்டுகளை மட்டும் இன்னும் கிட்டப்போய், நாலைந்து கட்டம் தெரிகிற அளவுக்கு எடுத்ததும் அலை நின்றது. பக்கத்தின் பின்னணியில் இருந்த இளமஞ்சளையும் எடுத்து வெள்ளையாக்கினேன். வெங்காயத் தோல் நிறம் இளமஞ்சள் மேல் செங்கல் நிறமாகத் தெரிகிறது என்று அக்கா சொன்னது சரியாகவே இருந்தது.

முகவரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிவின் தலைப்பிலிருந்து வேர்ட்பிரஸ் தானே இணைய முகவரி எடுக்கும். தமிழில் ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட், முகவரியில் மாற்றி எழுதும்போது ஒன்பது எழுத்து. மொத்தத்துக்கு 200 எழுத்துதான் இடம். ஆக 22 குறியீடுகளில் வெட்டிவிடும், அதில் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் கணக்கு. ‘சென்னிமலை கைத்தறி இரட்டைக் கட்டில் போர்வை’ என்பது ‘சென்னிமலை-கைத்தறி-இரட்டை’யோடு நின்றது. அடுத்து ‘சென்னிமலை கைத்தறி இரட்டைக் கட்டில் விரிப்பு’ என்று போட்டபோது அதே முகவரி வந்துவிட்டதால் இன்னும் நறுக்கி ‘இரட்ட-2’ என்று வைத்தது. வாட்ஸப்பில் பகிர்ந்தாலும் நீளமான சதவீதக் குறிகளாகத்தான் போகிறது. ஒவ்வொரு ரகத்துக்கும் ஆங்கில எழுத்தில் சின்ன முகவரியை அக்காவே அடிக்கும்படி, அதற்கு ஒரு குறிப்புத் தாள் எழுதிக் கடைச் சுவரில் ஒட்டினேன்.

பணம் வாங்கும் ஏற்பாடு எதுவும் பக்கத்தில் வைக்கவில்லை. கடை நடப்பது வாட்ஸப்பில்தான். ரகத்தின் அடியில் ‘இதைப் பத்திக் கேக்க’ என்று ஒரு பொத்தான். தொட்டால் வாட்ஸப் திறந்து, ரகத்தின் பெயர் ஏற்கெனவே எழுதி நிற்கும். அதற்கு ஐந்தாறு வரி பிஎச்பி எழுதினேன். எண்ணுக்கு முன்னால் 91 இருக்க வேண்டும், கூட்டல் குறி கூடாது. ‘பெட்ஷீட் & தலையணை உறை’ என்ற ரகத்தில் மட்டும் வாட்ஸப்பில் ‘பெட்ஷீட்’ வரைக்குமே வந்தது. இணைப்பில் & குறி வந்தால் அடுத்த தகவல் தொடங்குகிறது என்று அர்த்தம், அதனால் மீதி அறுந்துவிட்டது. பெயர் முழுவதையும் இணைப்புக்கு ஏற்ற சதவீதக் குறிகளாக மாற்றி அனுப்பியதும் சரியானது. இல்லாத பக்கத்தைத் தேடி வருகிறவர்களுக்கு வைக்கிற டெம்ப்ளேட்டில் அக்கா எழுதியது: ‘நீங்க தேடுனது இங்க இல்லீங்க. என்ன வேணும்னு ஒரு வார்த்த கேளுங்க, எடுத்து வெக்கறோம்.’ ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் போட்டேன்.

ஆகஸ்ட் 5 ராத்திரி தீமை ஜிப்பாக எடுத்து உண்மையான தளத்தில் ஏற்றினேன். ஆடி மாதக் கூட்டம் கடையில் இருந்ததால் அக்கா அதைப் பார்த்ததே 8-ஆம் தேதி.

அதற்கு அடுத்த வாரம் போயிருந்தபோது பதினைந்தாவது ரகத்தை அவரே ஏற்றினார். நான் பக்கத்தில் இருந்தேன், கை வைக்கவில்லை. பாவு மாற்றிப் புதிதாக நெய்த மயில்கழுத்துப் போர்வை. மடித்துப் படம் எடுத்தார், குறிப்பைப் படித்துப் படித்து வரிகளை நிரப்பினார். எட்டு நிமிடம் ஆனது. ‘துணியைப் பத்தி ஒரு வரி’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினார்: ‘மொத மூணு தண்ணிக்குக் கொஞ்சம் சாயம் விடும், பயப்படாதீங்க, அப்புறம் நிக்கும்.’

போன புதன்கிழமை போன் பண்ணினார். அந்தப் போர்வை ஏழும் போய்விட்டதாம், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். “தீந்து போச்சுன்னு எப்படித் தம்பி காட்டறது? அழிச்சரவும் மனசில்ல, மாமா மறுபடி நெய்யறேங்கறாரு.” தறி வகை மாதிரியே ‘இருப்பு’ என்று இன்னொரு பகுப்பு வைத்து, ‘தறியில் இருக்கிறது’ என்ற சொல் படத்தின் மேல் வருகிற மாதிரி செய்யலாம் என்று சொன்னேன். வருகிற ஞாயிறு அந்த வேலை.